எலவனாசூர்கோட்டையில் ஒன்றேமுக்கால் மணி நேரம்

பயணம் என்பது வேதனையின் ஒரு பகுதி என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த வேதனைக்குள்ளும் அல்லாஹ் ஒரு பாடத்தை வைத்திருப்பான் என்பதை, சென்ற ஆண்டின் கோடை நாளொன்றில், உளுந்தூர்ப்பேட்டை - சேலம் நெடுஞ்சாலையில் நான் கண்டுகொண்டேன்.

அன்று அதிகாலையில் ஆத்தூரிலிருந்து தொலைபேசிச் செய்தி வந்தது. என் தாயாரின் ஒரே தங்கை வஃபாத்தாகி விட்டார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வெயில் கடுமையாக இருந்ததால் லுஹர் தொழுகைக்குப் பின் உடனே நல்லடக்கம் என்று முடிவு செய்திருந்தார்கள். எண்பது வயதைத் தொடும் என் தாயாருக்கு முழங்கால் வலி; பேருந்துப் படி ஏற இயலாது. "தங்கச்சி முகத்த ஒரு தடவை பாத்துடணும்" என்பதைத் தவிர அவர்கள் வாயில் வேறு பேச்சில்லை. என் சகோதரியின் மகன் தன் காரை எடுத்து வந்தான். விழுப்புரத்திலிருந்து ஒன்பதரை மணிக்குப் புறப்பட்டோம்.

உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டி ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்றதும் வண்டி இடப்புறமாக இழுத்தது. மருமகன் வேகத்தைக் குறைத்துப் புறவழிச்சாலையை விட்டு ஊருக்குள் செல்லும் பழைய சாலையில் திருப்பி நிறுத்தினான். முன் சக்கரத்தில் காற்று இல்லை. நேரம் பத்தரை. ஆத்தூருக்கு இன்னும் ஏறக்குறைய 70 கிலோமீட்டர்.

அந்த ஊர் எலவனாசூர்கோட்டை. 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்திலும், பின்னர் விழுப்புரம் மாவட்டத்திலும், 2019 நவம்பர் முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் இருந்து வரும் ஊர். சோழர் காலக் கல்வெட்டுகள் கொண்ட பழைய சிவாலயம் ஒன்று இங்கே உண்டு. பெயரிலுள்ள கோட்டை, 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட கர்நாடகப் போர்களின் காலத்தில் படைகளின் கண்ணில் பட்ட கோட்டை. இவ்வழியே எத்தனையோ முறை சென்றிருக்கிறேன். இறங்கி நின்றது அன்றுதான்.

மாற்றுச் சக்கரம் இருக்கும்போது கவலை எதற்கு என்று எண்ணினேன். நாம் 'ஸ்டெப்னி' என்று சொல்கிறோமே, அது ஓர் ஊரின் தெருப் பெயர். ஆரம்ப காலக் கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. வேல்ஸ் நாட்டின் லனெல்லி என்னும் ஊரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904ஆம் ஆண்டில் அதைச் செய்து விற்றார்கள். அத்தெருவின் பெயரே நம் நாட்டில் நிலைத்துவிட்டது.

ஆனால் எங்கள் துன்பம் ஸ்டெப்னியில் இல்லை. கழற்ற வேண்டிய சக்கரத்தில் இருந்தது. நான்கு நட்டுகளில் மூன்று எளிதில் இளகின. நான்காவது, திருடர்களுக்கு அஞ்சிப் போடப்படும் 'லாக் நட்'. விலையுயர்ந்த அலாய் சக்கரங்களைக் களவு கொடுக்காமல் காக்க, சாதாரண ஸ்பேனர் பிடிக்காதபடி அதன் தலையில் தனி வடிவப் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். அதற்குப் பொருந்தும் சாவி காரின் உரிமையாளரிடம் மட்டுமே இருக்கும். மருமகன் உறையைத் திறந்து சாவியை எடுத்தான். அதன் பற்கள் மழுங்கி, ஒன்று உடைந்தும் இருந்தது! வைத்துத் திருகினால் வழுக்கியது.

இரண்டு மாதங்களுக்கு முன் வேறோர் ஊரில், ஒரு டயர் கடையில் சக்கரங்களை இடம் மாற்றியிருக்கிறான். மெல்லிய பற்கள் கொண்ட அந்தச் சாவியைக் கையால் திருகாமல், காற்று விசையில் இயங்கும் 'ஏர் கன்'னில் மாட்டி முடுக்கியிருக்கிறார்கள். நட்டு அளவுக்கு மீறி இறுகியது, சாவி உடைந்தது. உடைந்ததை ஒன்றும் சொல்லாமல் உறைக்குள் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கள்வனுக்குப் போட்ட பூட்டு எங்களையே பூட்டிவிட்டது.

வெயிலில் அமர்ந்திருந்த என் தாயாரைக் கண்ட ஒரு வீட்டுப் பெண்மணி, "உள்ளே வாங்கம்மா" என்று கைத்தாங்கலாக அழைத்துச் சென்று மோர் கொடுத்தார். விவரம் அறிந்த ஜமாஅத் பெரியவர் ஒருவர், "ஹஜ்ரத், கவலைப்படாதீங்க. பன்னெண்டு மணிக்குள்ள ஆகலேன்னா எங்க வண்டியில அம்மாவ அனுப்பி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தார். சகோதர சமயத்தைச் சேர்ந்த இளைஞர். முப்பது வயதுக்குள் இருக்கும்.

நட்டை அவர் உற்றுப் பார்த்தார். "தனியாச் சுத்துற வளையம் மேல இல்ல, பாய். அதுவரைக்கும் நல்லது" என்றார். சில லாக் நட்டுகளில் வெளிப்புறம் ஒரு வளையம் தனியே சுழலும். எதைக் கொண்டு பிடித்தாலும் வளையம் மட்டும் சுற்றும். அத்தகையதானால் முதலில் வளையத்தை உடைத்தெடுக்க வேண்டும்.

மருமகன் அவசரப்பட்டான். "கேஸ் வச்சுச் சூடு காட்டினா இளகாதா?" என்று கேட்டான். இளைஞர் மறுத்துவிட்டார். டயர் மாட்டியிருக்கும் ரிம்மைச் சூடாக்கினால் டயர் வெடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். அலாய் உலோகமும் உறுதியிழக்கும் என்றார். நட்டின் தலையில் வேறொரு நட்டை வைத்து வெல்டிங் செய்து திருகுவதும் உண்டாம். அது கடைசி வழி என்றார்.

பின்னர் அவர் செய்த வேலையை வரிசையாகச் சொல்கிறேன். வண்டியை ஜாக்கியில் ஏற்றவில்லை. தரையில் நிற்கவிட்டு, மற்றச் சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார். நாங்கள் இளக்கிய மூன்று நட்டுகளையும் மீண்டும் இறுக்கினார். எனக்கு வியப்பாக இருந்தது. அந்த மூன்றும் சுமையைப் பங்கிட்டுக்கொண்டால் நான்காவதன் மீதுள்ள இறுக்கம் குறையும் என்று விளக்கினார். துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து, நட்டின் தலையில் மெல்லத் தட்டிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தார். பிறகு, உட்புறம் பன்னிரண்டு முனைகள் கொண்ட பழைய சாக்கெட் ஒன்றை, நட்டைவிடச் சற்றே சிறியதாகத் தேர்ந்து, சுத்தியலால் நட்டின் மேல் அடித்து இறக்கினார். நீண்ட கம்பியை மாட்டி, வெட்டி இழுக்காமல், நிதானமாக அழுத்தினார். சாக்கெட் வழுக்கிவிட்டது. மணி பதினொன்றே முக்கால். என் நாவில் இஸ்திக்ஃபாரைத் தவிர வேறில்லை.

அதனினும் சிறிய சாக்கெட்டை எடுத்தார். மீண்டும் சுத்தியல், மீண்டும் கம்பி. கிறீச்சென்ற ஓசையுடன் நட்டு இளகியது. அல்ஹம்துலில்லாஹ்!

போல்ட்டின் மரை பழுதில்லாமல் இருப்பதைச் சோதித்து, அதே மரையும் அதே சாய்வும் கொண்ட சாதாரண நட்டு ஒன்றைத் தம் பெட்டியிலிருந்து தேடி எடுத்தார். ஸ்டெப்னியை மாட்டி, எதிரெதிர் நட்டுகளாகக் கையாலேயே இறுக்கினார். பல சிறிய கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டர் அளவிலான விசை போதும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் முனையில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டது போன்ற விசை அது. ஏர் கன் அதைவிடப் பன்மடங்கு இறுக்கிவிடக்கூடும்.

கூலியைக் கொடுக்கப் போனபோது இளைஞர், கழற்றி வைத்திருந்த சக்கரத்தைத் திருப்பிக் காட்டினார். "சுத்தி பட்டு ரிம்ல ஒரு கீறல் விழுந்துடுச்சு, பாய். நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. சொல்லிடணும்ல" என்றார். நகக்கண் அளவுக் கீறல் அது!

நான் பேச்சிழந்து நின்றேன். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கை நுழைத்து, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அதை ஏன் மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கவில்லை என்று வணிகரைக் கேட்டு, மோசடியைக் கண்டித்த செய்தியை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பாடமாக நடத்துபவன் நான். ஒரு கடை, உடைந்த சாவியை உறைக்குள் மறைத்தது. அதன் விலை, ஒரு தாய் தன் தங்கையின் முகத்தைக் காணும் இறுதி வாய்ப்பாக இருந்திருக்கும். இன்னொருவரோ, எவரும் காணாத கீறலைத் தாமே எடுத்துக் காட்டினார். என் தாயார் அவர் தலையில் கை வைத்து, "நல்லா இருப்பா தம்பி" என்று வாழ்த்தினார்கள்.

பன்னிரண்டேகால் மணிக்குப் புறப்பட்டு, ஒன்றரை மணிக்கு ஆத்தூரை அடைந்தோம். ஜனாஸாவை எடுக்கும் முன் என் தாயார் தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டார்கள். அழவில்லை. நெற்றியைத் தடவிக்கொடுத்து துஆச் செய்தார்கள்.

மறுநாள் திரும்பும் வழியில் எலவனாசூர்கோட்டைப் பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டு, அந்தப் பெரியவரையும் இளைஞரையும் கண்டு நன்றி சொல்லி வந்தேன்.

கார் வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். லாக் நட் சாவி எங்கே இருக்கிறது, பற்கள் முழுமையாக உள்ளனவா என்று இன்றே பாருங்கள். அதனுடன் தரப்படும் எண் அட்டையை வீட்டில் பத்திரப்படுத்துங்கள். அந்த எண்ணைக் கொண்டு மாற்றுச் சாவி பெறலாம். டயர் கடையில் அந்த ஒரு நட்டை மட்டுமாவது கையால் திருகச் சொல்லுங்கள். சக்கரம் மாற்றியபின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி சரிபாருங்கள்.

தொழில் செய்யும் சகோதரர்களுக்கும் ஒன்று. உங்கள் கையில் ஒரு பொருள் பழுதானால் சொல்லிவிடுங்கள். சொல்வதால் வரும் இழப்பு சில நூறு ரூபாய். மறைத்தால், எங்கோ ஒரு சாலையில் எவரோ வெயிலில் நிற்க நேரிடும்.

என் சின்னம்மாவின் மண்ணறையை அல்லாஹ் விசாலமாக்கி ஒளி பொருந்தியதாக்குவானாக! ஆமீன்.