கூட்டலும் ‘&&’யும் ஒரே கணுவா?

ராஜபாளையம், ஜூலை 8

முத்து அண்ணாமலையின் ‘எழில்’ நிரல்மொழியைப் பற்றிய கட்டுரை ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் வந்தது 2009-இல். ‘பதிப்பி’, ‘ஆனால்’, ‘முடி’ என்று தமிழில் கட்டளையிடும் அந்த மொழியிலும் கூட்டலுக்கு + குறிதான். அதில் குறையொன்றும் இல்லை. பார்சர் நிரலைப் படித்து முடித்ததும் எழுதிய வரிசை போய்விடும், மரம்தான் மிஞ்சும். 2 + 3 * 4 என்றால் உச்சியில் +, இடக்கிளையில் 2, வலக்கிளையில் பெருக்கல். ‘மூன்றை நான்கால் பெருக்கி இரண்டோடு கூட்டு’ என்று வினையைக் கடைசியில் வைத்தாலும் அதே மரம்தான் வரும். அந்த மரத்தில் குறி நிற்கும் கணுவை (node) எப்படி அமைப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஆபரேட்டருக்கு ஒரு கிளாஸ் எழுதுவோர் உண்டு. ஒன்றைக் கையாள மறந்தால் கம்பைலரே காட்டிக்கொடுக்கும் என்பது அவர்கள் வாதம். ஆபரேட்டர்களை enum வகையாக வைத்தாலும் பல மொழிகளில் அந்தக் காவல் கிடைக்கிறது. குறி, இடம், வலம் என மூன்று புலங்கள் கொண்ட ஒரே கணு போதும். டைப் சரிபார்ப்பையும் மாறிலிகளை முன்கூட்டியே கணக்கிடுவதையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர், ஜூலை 10

ஆனால் && என்ற ‘மற்றும்’ குறி அந்தக் கணுவுக்குள் வரக்கூடாது. இங்குள்ள பால்கோவாக் கடை ஒன்றின் பில்லுக்கு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: எடை != 0 && தொகை / எடை > 300. எடை பூஜ்யமானால் வலப்பக்கத்தைத் தொடவே கூடாது. தொட்டால் பூஜ்யத்தால் வகுத்து நிரல் நின்றுவிடும். கூட்டலோ இரண்டு பக்கத்தையும் கணக்கிட்ட பிறகுதான் தொடங்கும். பார்வைக்கு இரண்டும் நடுவில் குறி வைத்த கோவைகள், நடத்தை வேறு. பைத்தான் இதனால்தான் பின்ஆப், பூல்ஆப் என்று இரண்டு கணுக்கள் வைத்திருக்கிறது. எல்எல்விஎம் (LLVM) கம்பைலர் கட்டமைப்பு இன்னும் கறார்: இரு உறுப்பும் விடையும் ஒரே டைப்பாக இருந்தால்தான் அங்கே பைனரி ஆபரேட்டர். ஒப்பீட்டுக்குத் தனிக் கட்டளை.

கிளாங் (Clang) கம்பைலர் எல்லாவற்றையும் ஒரே கிளாஸில்தானே வைத்திருக்கிறது என்று கேட்கலாம். உண்மை. மூல நிரலை எழுதியபடியே காட்டுவது அந்த மரத்தின் வேலை; கோட் உருவாக்கும்போது கிளாங்கும் &&-ஐத் தனியாகப் பிரித்துக் கிளைத்தாவலாக்குகிறது. ஹாஸ்கெல்லில் && சாதாரண ஃபங்ஷன் என்பது இதைவிட வலுவான மறுப்பு. அங்கே தேவைப்படும்வரை எந்த உறுப்பும் கணக்கிடப்படுவதில்லை. அந்த வசதி இல்லாத மொழிக்கு அந்த வழி உதவாது.

ராஜபாளையம், ஜூலை 11

இங்குள்ள ராம்கோ இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி உட்பட அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளுக்குத் தெரிந்த பயிற்சி, லெக்ஸ், யாக் கருவிகளால் எழுதும் கால்குலேட்டர். அதில் வழக்கமாக மரமே கட்டுவதில்லை. இலக்கண விதி பொருந்தியதும் விடையைக் கணக்கிட்டுவிடுவார்கள். நான்கு கணக்குக் குறிகளுக்கு அது தாராளம். &&-ஐச் சேர்த்தால், அதன் விதி பொருந்தும் நேரத்தில் வலப்பக்கத்து வகுத்தல் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். கணு எதற்கு என்று மாணவருக்குப் புரியவைக்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு விதியைப் பயிற்சியில் சேர்க்க வேண்டும்.