கால்ல தண்ணி வருதா?

போன வருஷம் அப்பாவை தருமபுரியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். இரண்டு காலும் யானைக்கால் மாதிரி வீக்கம். கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி:

''கால்ல தண்ணி வருதா?''

நர்ஸம்மா பதறிப்போய் போர்வையை விலக்கி, கணுக்காலை அழுத்திப் பார்த்தார். ''பரவால்ல தாத்தா, நல்லா கொறைஞ்சிருக்கு. மாத்திரை குடுத்து எறக்கிக்கிட்டிருக்கோம்.''

அப்பாவுக்கு வந்ததே கோபம்! ''எறக்கிட்டீங்களா? யாரைக் கேட்டு? அங்கே பயிர் காயுதும்மா!''

அவர் கேட்டது பாப்பாரப்பட்டியில் எங்கள் அரை ஏக்கர் ராகிக்குப் போகிற வாய்க்காலை. அவருக்கு அது வெறும் 'கால்'தான். தப்பில்லை சார், நீரோடும் வழிக்குத் தமிழில் 'கால்' என்றே பழைய பெயர் உண்டு. வாய்க்காலிலிருந்து பிரிகிற சின்னக் காலை சோழர் கல்வெட்டுகள் 'கண்ணாறு' என்கின்றன. பாலத்துக்குக் கண், மலைக்கு அடி, கடலில் கலக்கிற ஆற்றுக்கு முகத்துவாரம், நம்ம தொப்பூரில் கணவாய். வாய்க்காலைத் திருப்பிப் போட்டால் கால்வாய்! பூமியையே ஓர் ஆளாகப் பார்த்திருக்கிறார்கள்.

நாம் மட்டுமில்லை. நார்வேக்காரர்கள் முதுகையும் 'ரிக்' என்கிறார்கள், மலையின் நீண்ட முகட்டையும் 'ரிக்' என்கிறார்கள். அங்கே ஒருவர் 'ரிக்'கில் பிரச்னை என்றால் டாக்டரைக் கூப்பிடுவார்களா, சர்வேயரைக் கூப்பிடுவார்களா?

சிரித்தேனே தவிர, பி.காம். படித்த மூளை சும்மா இருக்கவில்லை. மழை பொய்த்து, ஏரி வற்றி, கால் காய்ந்து கிடக்கிறது. அப்பா காலிலோ வேண்டாத தண்ணீர். ஒரு கணக்கில் வைக்க வேண்டிய வரவை மேலே இருக்கிறவர் இன்னொரு கணக்கில் வைத்துவிட்டார்! எங்கள் படிப்பில் இதைச் சரிசெய்ய ஒரு திருத்தப் பதிவு போதும். இங்கே யாரிடம் போய்ப் போடுவது?

மறுநாளும் அதே கேள்வி. மனசு கேட்கவில்லை. ''காலையில போய்ப் பார்த்துட்டுதாம்ப்பா வரேன். நல்லா வருது'' என்று புளுகினேன்.

அப்பா பேசவில்லை. மெதுவாகத் தலையைச் சாய்த்து, கட்டிலுக்குக் கீழே பார்த்தார்.

''உன் கால்ல சேறே இல்லியேடா.''