லாரிக்கும் மூச்சு முட்டும்

‘பழைய 407 வண்டி வைத்திருக்கிறேன். மேடு ஏறும்போது கரும்புகை தள்ளுகிறது, இழுவை இல்லை. பழைய இரும்புக் கடையில் டர்போ ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கி மாட்டலாமா?’

கேள்வி-பதில் பகுதிக்கு வந்த இந்தக் கடிதத்தை ஆசிரியர் குழுவினர் எனக்கு அனுப்பி வைத்தார்கள். நெல்லுக்கு என்ன உரம், தக்காளிக்கு என்ன நோய் என்று கேட்க வேண்டிய ஆளிடம் லாரியைப் பற்றி ஏன் கேட்கிறார்கள் என்று சிலர் நினைக்கலாம். விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகும் டீசல் காசும் சாகுபடிச் செலவுதான். அதோடு, இதே கேள்வி என் வீட்டுக்குள்ளேயே வந்து, ஒரு சங்கிலி அடகுக்குப் போகும் நிலை வரை போனது.

என் சித்தப்பா மகனிடம் ஒரு பழைய 407 இருக்கிறது. 1986-ல் டாடா கொண்டுவந்த இந்தச் சிறிய லாரி, காய்கறி விவசாயிகளுக்கு அரை உழவு மாடு மாதிரி. தம்பி வாங்கியது நான்காவது கை. பாச்சலூர் மலையிலிருந்து வாழைத்தார், பீன்ஸ் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு இறங்குவான். திரும்பும்போது உரமூட்டை, தீவனமூட்டை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவான். ஏறும்போதுதான் தகராறு. இரண்டாவது கியரில் புகை, வேகம் கிடையாது, பின்னால் பஸ்காரர் ஹாரன். டர்போ மாட்டினால் சிட்டாகப் பறக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். டர்போ, வேலைக்கூலி எல்லாம் சேர்த்து 35,000 ரூபாய். கூட்டுறவு சங்கத்தில் நகைக்கடன் வாங்க, மனைவியின் சங்கிலியைக் கேட்டிருக்கிறான். அந்தப் பெண் எனக்கு போன் செய்து, “நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா, நான் சொன்னா கேட்கமாட்டாரு” என்றது.

நான் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. புகைக்குக் காரணம் என்ன என்று முதலில் பார்ப்போம் என்றேன்.

கரும்புகை என்றால் எரியாத டீசல். ஊற்றும் டீசலுக்கு ஏற்ற காற்று உள்ளே இல்லை என்று பொருள். ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் சொன்னால், ஒரு லிட்டர் டீசலுக்குக் குறைந்தது 10,000 லிட்டர் காற்று. டீசல் இன்ஜின் புகையில்லாமல் ஓட அதைவிடக் கூடுதலாகவே வேண்டும். பழைய 407-ன் இன்ஜின் ஏறக்குறைய 3 லிட்டர் கொள்ளளவு. நிமிடத்துக்கு 2,800 சுற்று ஓடினால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நிரம்பும் கணக்கில் 4,200 லிட்டர் வருகிறது. வழியில் உள்ள தடைகள் போக 3,500 லிட்டராவது உள்ளே போக வேண்டும். மொட்டைமாடியில் வைக்கும் 1,000 லிட்டர் தண்ணீர் தொட்டி மூன்றரை, ஒரே நிமிடத்தில்! அதை எந்த வழியாக இழுக்கிறது என்று யாராவது குனிந்து பார்த்திருக்கிறோமா?

நாங்கள் பார்த்தோம். முன்பு வைத்திருந்த யாரோ, வண்டியோடு வந்த ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, அளவில் சிறிய ஏதோ வண்டியின் பெட்டியை மாட்டியிருந்தார்கள். அதிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாய் 2 அங்குலம். நடுவில் ரப்பர் ஹோஸ் நைந்து, உறிஞ்சும்போது உள்பக்கமாகச் சப்பிக்கொண்டது. காற்று இழுக்கும் வாயோ ரேடியேட்டருக்குப் பின்னால், அனல் அடிக்கும் இடத்தில். 30 டிகிரி காற்றுக்குப் பதில் 60 டிகிரி காற்றை இழுத்தால் அடர்த்தியில் 9 சதவீதம் போய்விடும். மலையில் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 10 சதவீதம் தானாகவே குறையும். இரண்டும் சேர்ந்தால் எப்படி மேடு ஏறும்?

கண்ணால் பார்த்தது போதாது, அளந்து பார்க்க வேண்டும். இதற்குக் கம்பெனி கருவி தேவையில்லை. கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூப் போதும். ஆறடிப் பலகையில் அதை யு வடிவில் கட்டி, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு முனை திறந்திருக்கட்டும். மறுமுனையை ஏர் கிளீனருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள குழாயில் சிறு துளை போட்டுச் செருக வேண்டும். பலகை ஆறடிக்குக் குறையக் கூடாது, தண்ணீர் இன்ஜினுக்குள் போனால் கதை முடிந்தது. துளை போடும்போது குழாயைக் கழற்றிவிடுங்கள், இரும்புத்தூள் உள்ளே விழக்கூடாது. பிறகு வண்டியை நிறுத்தியபடியே சில விநாடிகள் முழு ஆக்சிலேட்டர். டர்போ இல்லாத டீசல் இன்ஜின் இழுக்கும் காற்று சுற்று வேகத்தைப் பொறுத்தது, பாரம் ஏற்றத் தேவையில்லை. இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் தடையின் அளவு. டர்போ இல்லாத இன்ஜினுக்கு 20 அங்குலம் என்பது கடைசி எல்லை. தம்பி வண்டியில் 27 அங்குலம்.

“இதுக்கு மேல டர்போ வெச்சா, மூக்கை அடைச்சுக்கிட்டு ஓடச் சொல்ற மாதிரிதான்” என்றார் கூட வந்த மெக்கானிக்.

அதன்பிறகு நாமக்கல்லில் ஒரு பழைய ஸ்பேர் கடைக்குப் போனோம். பழைய சாமானில் எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தேயாத பொருள், கண்ணால் சோதிக்க முடிகிற பொருள் என்றால் பழையதாக வாங்கலாம். காகிதம், ரப்பர் இரண்டும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். பெரிய லாரியில் கழற்றிய, உள்ளே ஒன்று வெளியே ஒன்று என இரண்டு பில்டர் உட்காரும் ஏர் கிளீனர் கூடு ஒன்று 1,200 ரூபாய்க்குக் கிடைத்தது. வாங்கும்போது மூன்று இடம் பார்த்தோம். பில்டர் அமரும் வட்டம் நசுங்கியிருக்கக் கூடாது. அங்கே நகக்கண் அளவு இடைவெளி இருந்தாலும் பில்டர் இருந்தும் இல்லாத மாதிரிதான். கூட்டின் உள்பக்கம் துரு உரியக் கூடாது. அந்தக் கூட்டுக்கான புது பில்டர் இன்றும் கடையில் கிடைக்க வேண்டும். இதை மறந்து அழகான கூட்டை வாங்கி வந்து வீட்டில் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.

குழாய், பழைய வண்டி ஒன்றின் 3 அங்குல வளைந்த குழாய். 2 அங்குலத்திலிருந்து 3 அங்குலம் என்றால் ஒன்றரை மடங்கு என்று நினைப்போம். பரப்பில் அது இரண்டேகால் மடங்கு. வெட்டி ஒட்டிய மூலைகளைவிட, வளைத்த குழாயில் காற்று சுலபமாகப் போகும். வெல்டிங் வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பில்டருக்குப் பிறகு வரும் குழாயில் ஒட்டியிருக்கும் கசடு, ஒருநாள் கழன்று நேராக வால்வுக்குள் போகும். சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, உள்ளே வெள்ளைத்துணி விட்டு இழுத்து, துணி வெள்ளையாகவே வந்த பிறகுதான் மாட்டினோம். ஹோஸ், கிளிப் எல்லாம் புதிது. காற்று இழுக்கும் வாயை கேபினுக்குப் பின்னால், கூரை உயரத்துக்கு ஏற்றினோம். அங்கே அனலும் இல்லை, சக்கரம் கிளப்பும் புழுதியும் குறைவு.

மறுபடி டியூப் வைத்துப் பார்த்தோம். 9 அங்குலம்!

ஆனால் புகை முழுதாக நிற்கவில்லை. மீதிக்குக் காரணம் டீசல் நாசில். இரண்டு நாசில் தெளிக்காமல் ஒழுகிக்கொண்டிருந்தன. அதைச் சரிசெய்து, டேப்பெட் இடைவெளியும் வைத்த பிறகுதான் மலையில் மூன்றாவது கியர் எடுத்தது. எல்லாம் சேர்ந்து 8,000 ரூபாய்க்குள் முடிந்தது. மைலேஜ் லிட்டருக்கு 7 கிலோமீட்டரிலிருந்து எட்டுக்குக் கொஞ்சம் குறைவாக வந்திருக்கிறது. இரண்டு மடங்கு ஆகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி கடிதம் எழுதியவர் கேட்ட டர்போவுக்கு வருகிறேன். அடுப்புக்கு ஊதுகுழல் மாதிரிதான் டர்போ. புகைக்குழாயில் வீணாகப் போகும் வேகத்தைக் கொண்டு காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஊதுகுழல் மட்டும் சோறு வடிக்காது. கூடுதல் காற்றுக்கு ஏற்ப டீசல் பம்ப்பைத் திருகி டீசலைக் கூட்டினால்தான் இழுவை வரும். கூட்டினால் சூடும் கூடும். டர்போவுக்கென்றே செய்த இன்ஜினில் பிஸ்டன், கேஸ்கெட், குளிர்விக்கும் ஏற்பாடு எல்லாமே அந்தச் சூட்டைத் தாங்கும்படி அமைந்திருக்கும். பழைய இன்ஜினில் அது கிடையாது. பக்கத்து ஊரில் ஒருவர் பழைய டர்போ மாட்டி, இரண்டு மாதம் பெருமையாக ஓட்டினார். மூன்றாம் மாதம் மேட்டில் பிஸ்டன் உருகி, இன்ஜினையே இறக்க வேண்டி வந்தது.

பழைய டர்போவில் இன்னொரு சிக்கல், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் அதன் தண்டு, ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. முந்தைய வண்டியில் ஆயில் மாற்றாமல் ஓட்டியிருந்தால் அந்தத் தேய்மானம் வெளியே தெரியாது. தண்டைப் பக்கவாட்டில் ஆட்டும்போது இறக்கை கூட்டில் உரசினால், தொடவே வேண்டாம். சட்டமும் குறுக்கே நிற்கிறது. பதிவுச் சான்றில் உள்ள, தயாரிப்பாளர் கொடுத்த விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. எஃப்.சி.யில் பிரச்னை வரலாம். விபத்து என்றால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவதே இதைத்தான். ஏர் கிளீனரை மாற்றினாலும், வண்டிக்கு வெளியே எதுவும் நீட்டாமல் பார்த்துக்கொண்டு, எஃப்.சி.க்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அதிகக் காற்று போகும் என்று சொல்லி விற்கும் பஞ்சு பில்டர்களும் நம் செம்மண் புழுதிக்கு ஆகாது. காற்றோடு தூசியும் தாராளமாகப் போகும். ஒரு கைப்பிடி மண் போதும், ரிங்கும் லைனரும் காலி. காகித பில்டரைத் தரையில் தட்டாதீர்கள். இருட்டில் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். டிராக்டரில் ஆயில் ஊற்றும் ஏர் கிளீனர் இருந்தால், கோட்டு அளவுக்கு மேல் ஆயில் வேண்டாம்; அதிகமானால் இன்ஜின் அதையும் இழுத்துக் குடிக்கும்.

சங்கிலி அடகுக்குப் போகவில்லை. டியூப் கட்டிய பலகை தம்பி வீட்டுத் திண்ணையில் சாய்ந்திருக்கிறது. வாரம் ஒருவராவது டிராக்டரையோ மினி லாரியையோ கொண்டுவந்து அளந்து பார்க்கிறார்கள். டியூபைக் கொடுத்த கொத்தனார்தான் வாசல் வரை வந்து கேட்டுவிட்டுப் போகிறார்.