ஜாக்கி சான் பிடிக்கும், அவர் பேச்சு பிடிக்காது

ஜாக்கி சானைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதினாலே, "சீன அரசுக்கு ஜால்ரா போடுற ஆளையா?" என்று வந்துவிடுகிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. சீனர்களைக் கட்டுப்படுத்தித்தான் வைக்க வேண்டும் என்று 2009-இல் பேசியவர். 2021-இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர ஆசை என்றார். 2019-இல் சொந்த ஊரான ஹாங்காங்கின் இளைஞர்கள் தெருவில் இறங்கியபோது அவர்கள் பக்கம் நிற்கவில்லை. இதற்கெல்லாம் நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை.

ஆனால் 1985-இல் வந்த 'போலீஸ் ஸ்டோரி'யை என்ன செய்ய? ஷாப்பிங் மால் மாடியிலிருந்து சீரியல் பல்பு சுற்றிய கம்பத்தைப் பிடித்துச் சறுக்குவார். பல்புகள் படபடவென வெடிக்கும். கண்ணாடியை உடைத்துக்கொண்டு கீழே விழுவார். டூப் கிடையாது. உள்ளங்கை வெந்துபோனது நிஜம். 'ஆர்மர் ஆஃப் காட்' படப்பிடிப்பில் மரத்திலிருந்து விழுந்து மண்டையோடே உடைந்தது. சொதப்பியதையும் அடிபட்டதையும் படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது ஒளிக்காமல் காட்டுவார். புரூஸ் லீயைப் பார்த்தால் பிரமிப்பு வரும்; இவரைப் பார்த்தால் பாசம்தான் வருகிறது.

அவர் அரசியலைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். டிவியில் படம் போட்டால் மட்டும் எனக்கும் ஒரு போன் போடுங்கள்.