இரவல் கண்

இரண்டு வருஷத்துக்கு முன்பு வரையில் நமது வலது கண், மார்கழி மாதத்து மூடுபனியில் தெருவைப் பார்ப்பது போலவே உலகத்தைப் பார்த்துக் கொண்டிருந்தது. இடது கண்ணோ நரம்பு கெட்டு வெகு நாளைக்கு முன்பே உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது. எதிரே வருகிறவர் நமக்குக் கடன் கொடுத்தவரா, நம்மிடம் கடன் வாங்கியவரா என்பது தெரியாமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி கும்பிடு போட்டு வந்தோம்.

டாக்டர் பரிசோதித்துப் பார்த்தார். "கண்ணின் முன்பக்கத்துப் படலம் மங்கிவிட்டது. அதை எடுத்துவிட்டு வேறு படலம் வைத்துத் தைக்க வேண்டும்" என்றார்.

"வேறு படலம் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டோம்.

"காலமானவர் யாராவது கொடுத்தால் கிடைக்கும்" என்றார்.

காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பில் ஒரு தர்மசங்கடம் இருந்தது. நமக்குக் கண் கிடைக்க வேண்டும் என்று பிரார்த்திப்பது, எங்கேயோ ஒரு வீட்டில் சாவு நேர வேண்டும் என்று பிரார்த்திப்பதாகுமோ என்று பயந்தோம். ஆகையால் பிரார்த்தனையை நிறுத்திவிட்டோம். பிரார்த்திக்காமலே ஒரு நாள் மாலை ஆஸ்பத்திரியிலிருந்து டெலிபோன் வந்தது.

சிகிச்சை முடிந்து சில மாதங்களில் மூடுபனி விலகியது. முதன் முதலாக நமது சகதர்மிணியின் தலையில் எவ்வளவு நரை இருக்கிறது என்பதைக் கண்டோம். கண்டதோடு நில்லாமல் வாய்விட்டும் சொல்லிவிட்டோம். "யாருடைய கண்ணோ, பொல்லாத கண்ணாக உங்களுக்கு வாய்த்திருக்கிறது!" என்றாள். வேடிக்கையாகச் சொன்ன வார்த்தைதான். ஆனாலும் அது மனத்தில் முள்ளாகத் தைத்துவிட்டது.

இந்தச் சமயம் பார்த்து நமது சிநேகிதர் ஒருவர் ஒரு பழைய ஊமைப் படத்தைக் கொண்டு வந்து காட்டினார். மோரிஸ் ரெனார் என்ற பிரெஞ்சு ஆசிரியர் 1920-ஆம் வருஷத்தில் எழுதிய கதையை வைத்து, 1924-இல் ராபர்ட் வீனே என்பவர் எடுத்த படம் அது. ஓர்லாக் என்ற பியானோ வித்துவானுக்கு ரயில் விபத்தில் இரண்டு கைகளும் போய்விடுகின்றன. வைத்தியர், மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ஒரு கொலைகாரனின் கைகளை எடுத்து அவருக்குப் பொருத்துகிறார். அதை அறிந்தது முதல் ஓர்லாக்கின் வாழ்வே நரகமாகிறது. விரல்கள் பியானோவை மறக்கின்றன, கத்தியை நாடுகின்றன. மனைவியைத் தொடவும் அஞ்சுகிறார்.

சிநேகிதர் இத்துடன் விட்டாரா? 2002-ஆம் வருஷத்தில் ஹாங்காங்கிலிருந்து வந்த 'தி ஐ' என்னும் படத்தில், நமக்குச் செய்த அதே சிகிச்சையைச் செய்து கொண்ட ஒரு பெண்ணின் கண்ணுக்கு இறந்தவர்களெல்லாம் தென்படுகிறார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு நாம் விளக்கை அணைக்கவில்லை.

மறுநாள் டாக்டரிடம் போய், "இந்தக் கண்ணை உடையவர் ஆணா, பெண்ணா? நல்லவர்தானா?" என்று கேட்டோம்.

டாக்டர் சிரித்தார். "கொடுத்தவர் யார் என்று சொல்லும் வழக்கம் இல்லை. உமக்கு வைத்திருப்பது கண் அல்ல. சுமார் அரை மில்லிமீட்டர் கனமுள்ள படலம். அதில் ரத்தக் குழாய்கூடக் கிடையாது. ஜன்னல் கண்ணாடியா தெருவைப் பார்க்கிறது? உள்ளே நிற்கிறவர் அல்லவா பார்க்கிறார்?" என்றார். இந்தச் சிகிச்சை முதன் முதலில் வெற்றி பெற்றது 1905-இல் என்றும், ஓல்மூட்ஸ் என்ற ஊரில் எட்வர்ட் ஸிர்ம் என்ற வைத்தியர் அதைச் செய்தார் என்றும் சொன்னார். சுண்ணாம்பு பட்டுப் பார்வை இழந்த ஒரு தொழிலாளிக்கு, பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அடிபட்டு எடுக்க நேர்ந்த கண்ணிலிருந்து படலம் கிடைத்தது. அந்தத் தொழிலாளி அதற்காகக் கோலி விளையாடப் போய்விடவில்லை; தம்முடைய வேலைக்குத்தான் திரும்பினார்.

டாக்டரின் பதில் நமது பயத்தைத் தீர்த்தது. ஆனால் கேள்வியைத் தீர்க்கவில்லை. ஜன்னல் போனாலும் வீடு நம்முடையதுதான், சரி. கதவு போய், சுவர் போய், கூரையும் போனால்? எது மாறும் வரையில் நாம் நாமே?

விக்கிரமாதித்த மகாராஜாவிடம் வேதாளம் கேட்ட கேள்வி இதுதான். தலை வெட்டுண்டு கிடந்த கணவனையும் தமையனையும் உயிர்ப்பிக்க வரம் பெற்ற பெண், அவசரத்தில் தலைகளை மாற்றி வைத்துவிடுகிறாள். இருவரில் கணவன் யார்? உறுப்புக்களில் சிறந்தது தலையாகையால், கணவனின் தலையை உடையவனே கணவன் என்று விக்கிரமாதித்தன் தீர்ப்பளித்தான். ஜெர்மன் ஆசிரியர் தாமஸ் மான் 1940-இல் இந்தக் கதையை எடுத்து விரித்து ஒரு நாவலே எழுதினார். தலை உடம்பை மாற்றும், உடம்பு தலையையும் மாற்றும் என்பது அவர் கண்ட விசேஷம்.

ஆனால் விக்கிரமாதித்தன் தீர்ப்புச் செல்லாத வழக்கு ஒன்று பெரிய புராணத்திலேயே இருக்கிறது. சாத்தனூர் இடையனான மூலன், மாடு மேய்க்கும் இடத்தில் இறந்து விழுகிறான். பசுக்கள் சுற்றி நின்று கதறுகின்றன. கயிலையிலிருந்து வந்த சிவயோகியார் மனமிரங்கி, தம் உடலை விட்டு அந்த உடலில் புகுகிறார். பசுக்கள் களிக்கின்றன. மாலையில் அவற்றின் பின்னே ஊர் வந்து சேர்ந்தவரை மூலனின் மனைவி நெருங்குகிறாள். "உனக்கும் எனக்கும் உறவில்லை" என்று அவர் விலகி ஒரு மடத்தில் புகுந்து விடுகிறார். தலை மூலனுடையது, கை கால் மூலனுடையவை, பசுக்களும் சாட்சி. ஆயினும் அவர் மூலன் அல்லர், திருமூலர்.

நினைவு எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆள் இருக்கிறான் என்று ஆங்கிலத் தத்துவ ஞானி ஜான் லாக் 1694-இல் எழுதினார். ஓர் அரசகுமாரனின் ஆத்மா அவன் நினைவுகளோடு ஒரு சக்கிலியின் உடலில் புகுந்தால், அந்த ஆள் அரசகுமாரனே என்றார். அப்படிச் சொன்ன அவரே, அவனைத் தவிர மற்ற எல்லோருக்கும் அவன் பழைய சக்கிலியாகவே தோன்றுவான் என்பதையும் ஒப்புக் கொண்டார். அந்த 'மற்ற எல்லோரில்' மூலனின் மனைவியும் ஒருத்தி. ஊரார் மறுநாள் வந்து பார்த்து, இவர் யோகியார் என்று அறிந்து அவளைத் தேற்றினார்கள். தத்துவம் தீர்ந்தது. அவள் துக்கம்?

நாம் யார் என்பதில் ஒரு பகுதி நம் நினைவில் இருக்கிறது. மற்றொரு பகுதி, மாலையில் நமக்காக வாசலில் காத்திருப்பவர்களிடம் இருக்கிறது. அந்தப் பகுதியை எந்த வைத்தியராலும் எடுத்து வேறு உடலில் தைக்க முடியாது. ஓர்லாக் கதையின் முடிவும் இதற்கு அனுகூலமாகவே இருக்கிறது. மரண தண்டனைக்கு உள்ளானவன் கொலையே செய்யாத நிரபராதி என்று படத்தின் கடைசியில் வெளியாகிறது. உடனே அந்தக் கைகளும் ஓர்லாக்கின் கைகளாகி விடுகின்றன. கைகளில் பாவம் இருந்ததில்லை. பயம் அவர் மனத்தில் இருந்தது. கதையில் மட்டுமல்ல, 1998-இல் பிரான்ஸ் தேசத்து லியான் நகரில் ஒருவருக்கு உண்மையாகவே வேறொருவர் கையைப் பொருத்தினார்கள். அவர் மருந்துகளைச் சரிவர உட்கொள்ளவில்லை. உடல் அந்தக் கையை ஏற்க மறுத்தது. தம் மனமும் அதிலிருந்து விலகிவிட்டதென்று சொல்லி, 2001-இல் அதை எடுத்துவிடச் செய்தார். மனம் ஏற்காத தானம் பாரமாகிவிடுகிறது.

அன்று முதல் நமது யோசனை திசை மாறியது. கண்ணைக் கொடுத்தவர் நம்முள் புகுந்து விடுவாரோ என்ற கவலை போய்விட்டது. எந்த வீட்டு வாசலில் யார் அவருக்காகக் காத்திருந்தார்களோ என்ற எண்ணமே மிஞ்சியது. அழுகையின் நடுவே, சில மணி நேரத்துக்குள், "எடுத்துக் கொள்ளுங்கள்" என்று சொன்னவர்கள் அவர்கள் அல்லவா?

சென்ற மகாளய அமாவாசையன்று முன்னோர்களுக்கு எள்ளும் நீரும் விட்டபின், உறவினர் அல்லாத காருண்ய பித்ருக்களுக்கும் விட்டோம். உள்ளே வந்ததும் சகதர்மிணி, "அவருக்கும் விட்டீர்களா?" என்று கேட்டாள்.

"பேர் தெரியாதே!" என்றோம்.

"பேர் தெரியாவிட்டால் என்ன? தினமும் அவர் தயவில்தானே என் நரையை எண்ணுகிறீர்கள்?" என்றாள்.

இரவல் பொருளைத் திருப்பிக் கொடுப்பது முறை. டாக்டரைக் கேட்டோம். வலது கண்ணை மறுபடி பயன்படுத்த இயலாதாம். இடது கண்ணில் உள்ளே நரம்பு கெட்டிருந்தாலும் முன்பக்கத்துப் படலம் தெளிவாகவே இருக்கிறதாம். நம் காலத்துக்குப் பிறகு மற்றொருவருக்கு உதவலாமாம். கையெழுத்துப் போட்டு, வீட்டாரிடமும் சொல்லி வைத்துவிட்டோம். ஓய்வு பெற்ற அந்தக் கண்ணுக்கு இனிமேல்தான் உத்தியோகம்.