பழம் பழுத்தால் கரடி வரும்

ஸ்ரீநகரில் குழாயைத் திறந்தால் கொட்டும் தண்ணீரில் ஒரு பகுதி கரடிகளின் காட்டிலிருந்து வருகிறது. நகரத்திலிருந்து 22 கி.மீ. தள்ளி இருக்கும் தாச்சிகாம்தான் அந்தக் காடு. 'பத்து கிராமங்கள்' என்று பொருள். நகரத்துக்குச் சுத்தமான தண்ணீர் வேண்டும் என்று 1910-ல் மகாராஜா ஆட்சி பள்ளத்தாக்கைக் காப்புக்காடாக்கியது. ஊர்கள் போய்விட்டன, பெயர் மட்டும் மிச்சம். 1981-ல் இது தேசியப் பூங்காவானது. பரப்பு 141 சதுர கி.மீ. புகழெல்லாம் ஹங்குல் மானுக்கு. ஆனால் கோடையில் மான்கள் மேட்டுப் புல்வெளிக்கு ஏறிவிட, கீழ்க்காட்டில் கருங்கரடியின் ராஜ்யம்தான்.

காஷ்மீரிகள் இதை ஹாபுத் என்கிறார்கள். கறுப்பு ரோமம், நெஞ்சில் வெள்ளைப் பிறை. சமவெளிக் கரடி கரையானைத் தேடி அலையும், இது பழப்பிரியன். மல்பெரி மரத்தில் ஏறி, கவட்டையில் சம்மணமிட்ட மாதிரி உட்கார்ந்து, கிளைகளை வளைத்து இழுத்துத் தின்னும். ஒடிந்த கிளைகளை அடியில் செருகிக்கொள்ளும். அது இறங்கிப் போன பிறகு பார்த்தால், ஏதோ ராட்சதப் பறவை கூடு கட்டியது போலிருக்கும்!

இலையுதிர் காலத்தில் அக்ரூட், ஓக் கொட்டை என்று தின்று கொழுக்கும். பனி விழுந்ததும் மரப்பொந்திலோ பாறைக் குகையிலோ தூக்கம். மாதக்கணக்கில் சோறு இல்லை, தண்ணீர் இல்லை. அந்தப் பட்டினியிலேயே தாய் குட்டி போட்டுப் பாலும் கொடுக்கிறது. பிறக்கும்போது குட்டி அரைக் கிலோகூட இருக்காது.

சிக்கல் காட்டுக்கு வெளியே. பள்ளத்தாக்கில் நெல் வயல்கள் பல பழத்தோட்டங்களாகிவிட்டன. செர்ரியும் ஆப்பிளும் வரிசையாகப் பழுத்து நிற்கும்போது, காட்டில் கொட்டை பொறுக்க எந்தக் கரடிக்கு மனம் வரும்? தோட்டக்காரருக்கோ அது ஒரு வருஷத்து வருமானம். விடியற்காலையில் எதிர்பாராமல் ஆளைக் கண்ட கரடி பின்னங்காலில் எழுந்து அறைகிறது. அடி பெரும்பாலும் முகத்தில்தான். கிராமத்தார் கோபத்தில் நியாயமில்லை என்று சொல்ல முடியாது. அந்தக் கோபம் 2006-ல் த்ரால் பகுதியில் ஒரு கரடியை உயிரோடு எரிக்கும்வரை போனது.

கரடியைக் கொல்வது சட்டப்படி குற்றம். பித்தப்பைக்காக வேட்டையாடும் கும்பல்கள் வேறு ஆசியா முழுவதும் இருக்கின்றன. தோட்டத்தில் புதரை வெட்டுவது, உதிர்ந்த பழத்தை அன்றன்றே அள்ளுவது, கூட்டமாகச் சத்தம் போட்டபடி நடப்பது: காவலுக்கு இவை துப்பாக்கியைவிட உருப்படியான வழிகள். செர்ரி பழுக்கும் நாட்களில் காட்டோரத் தோட்டங்களில் இரவெல்லாம் தகர டப்பா தட்டும் ஓசை கேட்கும்.