சீனியும் சித்தமும்

தலையான பாவங்கள் ஏழினையும் மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் வரிசையாக ஒப்பிக்கும்போது, போசனப்பிரியம் என்ற சொல் வந்ததும் ஒரு சிரிப்பு எழும். ஆங்காரத்துக்கும் காய்மகாரத்துக்கும் சிரிக்காதவர்கள் இதற்கு மட்டும் அடுத்திருக்கும் பருத்த சிறுவனைத் திரும்பிப் பார்ப்பர். பெரியவர்களாகிய நாமும் அப்படித்தான். உணவைப் பற்றிய குற்றம் என்றால் அது உடல் பருத்தவனுடைய குற்றம் என்று எண்ணிவிடுகிறோம். 604-ஆம் ஆண்டில் மறைந்த பாப்பரசர் பெரிய கிரகோரியார் இதனை ஐந்து வகையாகப் பிரித்தார்: நேரத்துக்கு முன்பே உண்ணுதல், விலையுயர்ந்ததையே நாடுதல், பக்குவத்தில் அளவுகடந்து கருத்தூன்றுதல், மிகுதியாக உண்ணுதல், பேராவலோடு விழுங்குதல். ஐந்தில் ஒன்றே அளவைப் பற்றியது. மெலிந்த மேனியரும் மற்ற நான்கில் அகப்படலாம். துரித உணவு என்று இன்று நாம் அழைப்பதற்கோ, அவசரம் பெயரிலேயே இருக்கிறது!

ஆனால் இங்கே நான் ஆராய விரும்புவது வேறொரு கேள்வி. தீங்கென்று நன்கறிந்தும் இனிப்பை விட இயலாதவன் குற்றவாளியா? ஒரு செயல் சாவான பாவமாவதற்குக் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் வேண்டும் என்று குருமடத்தில் கற்றோம். இனிப்புப் பிரியனிடம் அறிவு இருக்கிறது. சம்மதம் இருக்கிறதா?

என் பங்கில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். முதல் வெள்ளிதோறும் நற்கருணை கொண்டுசெல்லும் வீடுகளில் அவருடைய வீடும் ஒன்று. நீரிழிவு நோயால் இடக்காலில் இரண்டு விரல்களை இழந்தவர். எந்தப் பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்பதை என்னைவிட நன்கு அறிந்தவர். "எனக்குத் தெரியாமலா இருக்கு, சுவாமி? ராத்திரி பதினொரு மணிக்கு எந்திரிச்சு டப்பாவைத் திறக்கிற கை, என் கை மாதிரியே இல்லை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆசையின் வேகம் சித்தத்தை முந்திக்கொள்ளும்போது சுதந்திரம் குறைகிறது. சுதந்திரம் குறையுமளவுக்குக் குற்றமும் குறைகிறது என்பதே அறநெறி நூல்களின் போதனை. இதனை அவரிடம் கூறியபோது அவர் மகிழ்ந்தார். அவர் மனைவி மகிழவில்லை.

அந்த அம்மையார் மகிழாததில் நியாயம் உண்டு. ஏனெனில் அதே நூல்கள் வேறொன்றையும் கூறுகின்றன. பாவத்திற்கேதுவான சமயத்தைத் தெரிந்தே தேடிக்கொள்பவன், பின்னால் விளைவதற்கும் பொறுப்பாளியாகிறான். இரவு பதினொரு மணிக்கு அந்த டப்பா தானாக நடந்து வீட்டுக்குள் வரவில்லை. மாதத்தின் முதல் தேதி, காலை பத்து மணிக்கு, பசியும் ஆசையும் இல்லாத நேரத்தில், எழுதுகோலைக் கையில் பிடித்து மளிகைப் பட்டியல் எழுதினார்களே, அப்போது எல்லாருடைய சித்தமும் முழுச் சுதந்திரத்தோடுதான் இருந்தது. பொறுப்பு என்பது அங்கே இருக்கிறது. நள்ளிரவில் டப்பாவோடு மல்லுக்கட்டும் நோயாளியிடம் அதனைத் தேடுவது பெரிய அநியாயம்.

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது? பிறந்த குழந்தையின் நாவில் ஒரு துளி இனிப்பை வைத்தால் முகம் மலரும். கசப்பை வைத்தால் சுளிக்கும். தாய்ப்பாலே இனிப்புள்ளதுதான். பஞ்சகாலத்தில் சக்தி தரும் கனியை மனிதன் கண்டுகொள்வதற்கு இயற்கை இட்ட ஏற்பாடு இது. அன்று இனிப்பு அரிது. இன்றோ தடுக்கி விழுந்தால் இனிப்பு. சர்க்கரை உள்ளிட்ட இனிப்புகள் ஒருவர் ஒரு நாளில் பெறும் மொத்தச் சக்தியில் பத்து சதவீதத்தைத் தாண்டலாகாது, ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியது. ஐந்து சதவீதம் என்பது ஏறத்தாழ 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. 300 மில்லிலிட்டர் கோலா பானம் ஒன்றிலேயே சுமார் 30 கிராம் இருக்கும். அது குடிக்கும் பொருளாதலால், திட உணவைப் போல் வயிறு நிறைந்த உணர்வையும் தருவதில்லை. பையன் புட்டியைக் காலி செய்துவிட்டுப் பரோட்டாப் பொட்டலத்தைப் பிரிக்கிறான்.

குழந்தைகளைப் பொறுத்தவரை பட்டியல் எழுதும் கையின் பொறுப்பு எவ்வளவு பெரிது என்பதற்கு இங்கிலாந்திலிருந்து ஒரு சான்று கிடைத்திருக்கிறது. உலகப் போரையொட்டி அங்கே சர்க்கரை பங்கீட்டு முறையில் அளந்து கொடுக்கப்பட்டது. 1953 செப்டம்பரில் அக்கட்டுப்பாடு நீங்கியதும், மக்கள் உண்ட சர்க்கரை குறுகிய காலத்தில் ஏறக்குறைய இரு மடங்காயிற்று. கட்டுப்பாட்டுக் காலத்தில் கருவாகி வளர்ந்தவர்களையும், அதற்குப் பிந்தியவர்களையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2024-இல் வெளிவந்தது. கருவிலும் பிறந்த முதல் இரண்டாண்டுகளிலும் குறைந்த சர்க்கரையோடு வளர்ந்தவர்களுக்கு, நடுவயதுக்கு மேல் இரண்டாம் வகை நீரிழிவு வரும் அபாயம் சுமார் 35 சதவீதம் குறைவு என்று கண்டனர். அந்தக் குழந்தைகள் எந்த ஒறுத்தலும் செய்யவில்லை. வீட்டில் சர்க்கரை குறைவாக இருந்தது, அவ்வளவே.

தனிமனிதப் பொறுப்பு என்ற சொல்லை வியாபாரிகளும் விரும்புகிறார்கள் என்பதை இங்கே சொல்லாதிருக்க முடியாது. நியூயார்க்கில் இரு சிறுமியரின் சார்பில், எங்கள் உடற்பருமனுக்கு மக்டொனால்ட்ஸ் காரணம் என்று 2002-இல் வழக்கொன்று தொடரப்பட்டது. அதனையடுத்து, இத்தகைய வழக்குகளைத் தடுக்கும் மசோதா ஒன்றை அமெரிக்கக் கீழ்ச்சபை 2004-இல் நிறைவேற்றியது. உணவு உட்கொள்வதில் தனிமனிதப் பொறுப்புச் சட்டம் என்பதே அதற்கிட்ட பெயர்! மேற்சபை அதனை ஏற்காததால் அது சட்டமாகவில்லை. உண்பவனுக்குப் பொறுப்பு உண்டு என்பதனால் விற்பவன் நிரபராதியாகிவிடுவானா? பிறரைப் பாவத்துக்கேதுவான சமயத்தில் நிறுத்துபவனுக்கும் கணக்கு உண்டு. நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டின் விதிகள், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கலாகாது என்கின்றன. வாசகர்கள் தத்தம் ஊர்ப் பள்ளி வாயிலில் சற்று நின்று பார்ப்பார்களாக.

வியாபாரியைச் சொல்லிவிட்டு நம் விருந்தோம்பலை விட்டுவிடலாமா? வீடு சந்திக்கப் போகும் மாலையில் பன்னிரண்டு வீடு என்றால் பன்னிரண்டு தேநீர். குவளைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் இருபத்துநான்கு. ஏறத்தாழ நூறு கிராம் சீனி. "சீனி வேண்டாம்" என்றால், "சுவாமிக்கு வெறும் தேத்தண்ணியா கொடுப்பது?" என்று வீட்டார் வருந்துகிறார்கள். சிலர், "அப்படியானால் கருப்பட்டி போட்டுத் தருகிறோம், அது ஒன்றும் செய்யாது" என்பார்கள். பனைநிலத்தில் பிறந்த எனக்குக் கருப்பட்டியைக் குறை கூற மனமில்லை. எனினும் அதன் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சர்க்கரைதான். இவ்வகை உபாயம் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில், லேகியம் உண்டால் ஒருசந்தி முறியுமா என்ற கேள்வியை அக்குவினா தோமையார் எடுத்துக்கொண்டார். செரிமானத்துக்காக உண்பதால் முறியாது என்றார். ஆயின், லேகியம் என்ற பெயரில் உணவாகவே அள்ளித் தின்பவனுக்கு இச்சலுகை இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார். மனிதரை அறிந்தவர்!

ஓட்டுநர் வீட்டில் இப்போது மளிகைப் பட்டியலை மாமியாரும் மருமகளும் சேர்ந்து எழுதுகிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கு இனிப்பு வேண்டுமானால் கடைக்கு அழைத்துப்போய் அங்கேயே வாங்கிக் கொடுப்பது; வீட்டில் சேமித்து வைப்பதில்லை. முதலில் பெரிய கலகம் நடந்தது. மூன்று மாதம் ஆயிற்று. அவருக்கு இரவு விழிப்பு நிற்கவில்லை. திறப்பதற்கு டப்பா இல்லை. மாலையில் தேநீர்க் கடைப் பக்கம் அவர் நடப்பதாகக் கேள்வி. அதனை நான் விசாரிக்கவில்லை.

இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர் என்று 2023-இல் வெளியான ஆய்வு கணித்தது. நம் கோவில் திருவிழாவுக்கு வரும் கூட்டத்திலும் அவர்களில் பலர் இருப்பார்கள். ஆகவே பங்குப் பேரவையில், இவ்வாண்டு புட்டிப் பானங்களுக்குப் பதிலாக மோர் கொடுக்கலாமே என்றேன். வெளியூர் விருந்தினர் நம்மைக் கருமிகள் என்பார்கள் என ஒருவர் எழுந்தார். பிள்ளைகள் அழுவார்கள் என மற்றொருவர். ஒரு மணி நேர விவாதத்துக்குப் பின் இரண்டையும் வைப்பதென்று முடிவாயிற்று. பானத்துக்கு நன்கொடையாளர் அன்றே கிடைத்துவிட்டார். மோருக்கு அண்டா யார் வீட்டிலிருந்து எடுப்பது என்பதுதான் இன்னும் தீரவில்லை.